மெயிலில் பெய்த மழை

திருப்பூர் மழைக்குப் பேர்போன ஊர் இல்லை. ஆனால் ஐரோப்பாவில் ஒரு மலையேற்ற உடை கம்பெனியின் அலுவலகத்தில் போய்க் கேட்டால், இங்கே வருடத்தில் பாதி நாள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது என்றுதான் சொல்வார்கள். அந்த மழை அத்தனையும் நான் பெய்யவைத்தது. ஷிப்மென்ட் தள்ளிப்போகும்போதெல்லாம் மெயிலில் ஒரு மழை. மழை அலுத்தால் மின்வெட்டு. மின்வெட்டும் அலுத்தால் பண்டிகை. ஒரு வருடம் நாங்கள் பொங்கலை ஜனவரியில் ஒரு தடவையும் மார்ச்சில் ஒரு தடவையும் கொண்டாடினோம்.

நான் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பெண் பார்க்கப் போன வீட்டில், பின்னாளில் மாமனார் ஆனவர், "அது என்ன வேலைங் தம்பி?" என்று கேட்டார். பையர் சொல்வதைக் கம்பெனிக்கும், கம்பெனி சொல்வதைப் பையருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று விளக்கினேன். "ஓ, புரோக்கருங்களா" என்றார். அன்றைக்குக் கோபம் வந்தது. இப்போது வருவதில்லை.

மலையேற்ற கம்பெனி என்றதும் நாங்கள் கூடாரமும் கயிறும் செய்கிறோம் என்று நினைத்துவிடாதீர்கள். நாங்கள் தைப்பது டி-ஷர்ட். ஆர்கானிக் பருத்தி, நெஞ்சில் ஒரு மலை பிரின்ட். பருத்தி வியர்வையை உறிஞ்சிக்கொண்டு ஈரமாகவே கிடக்கும் என்பதால், குளிரில் உண்மையாக மலையேறுகிறவர்கள் அதைப் போட மாட்டார்கள். இது மலையை நினைத்துக்கொண்டு காப்பி குடிக்கிறவர்களுக்கான சட்டை. அவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம், எங்களுக்குச் சோறு போடுகிறவர்களும் அவர்கள்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையரிடமிருந்து மெயில். லேப் டிப், அதாவது சாயம் போட்டுக் காட்டும் சின்னத் துணி மாதிரி, அப்ரூவல் ஆகி, துணி சாயப்பட்டறைக்குக் கிளம்பத் தயாராக இருந்த நேரம். டி-ஷர்ட்டின் நீலம் கொஞ்சம் சோகமாக இருக்கிறதாம், ஒரு சாயல் உற்சாகம் கூட்ட முடியுமா என்று கேட்டிருந்தார். கேட்டவர் நல்ல பெண். எப்போதும் "உங்கள் வீட்டில் எல்லோரும் நலமா" என்றுதான் ஆரம்பிப்பார். உற்சாகத்தைக் கூட்டுவது என்றால் புது லேப் டிப், அதை கூரியரில் அனுப்புவது, அப்ரூவலுக்குக் காத்திருப்பது, சாயப்பட்டறையில் மறுபடி வரிசையில் நிற்பது, காம்பாக்டிங், அப்புறம் கட்டிங். தைக்க ஒதுக்கிய நாள்களில் பாதி இதிலேயே கரைந்துவிடும். ஷிப்மென்ட் தேதி மட்டும் நகராது. கப்பலைத் தவறவிட்டால் எங்கள் செலவில் ஏர் அடிக்க வேண்டும். அந்த ஆர்டரின் லாபம் மொத்தமும் விமானத்தில் ஏறிப் போய்விடும்.

நான் பதில் போட்டேன்: "நோட்டட். வில் மேனேஜ்."

மேனேஜ் செய்கிறவன் நான் இல்லை. நான் ஏழு மணிக்கு வண்டியை எடுத்துவிடுவேன். எங்கள் ஊரில் வேலையை மணிக்கணக்கில் சொல்வது குறைவு, ஷிப்ட் கணக்கில்தான் சொல்வார்கள். பகல் முடிந்து ராத்திரியும் கொஞ்சம் உட்கார்ந்தால் ஒன்றரை ஷிப்ட். அந்த வாரம் ஒன்றரை, இரண்டாகியது. ஒருநாள் மறந்துவிட்டுப் போன சார்ஜரை எடுக்க ராத்திரி திரும்பிப் போனேன். செக்கிங் மேஜையில் டியூப்லைட்டுக்குக் கீழே பெண்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு பீஸை எடுப்பது, உள்பக்கம் திருப்புவது, தோளிலிருந்து விளிம்பு வரை விரலை ஓட்டுவது, பிசிறு நூலைக் கட்டரால் நறுக்குவது, பிழை இருந்தால் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளுவது. ஒரு அக்காவின் முன்கையில் அப்படி ஒரு சிவப்பு அம்பு ஒட்டிக்கொண்டிருந்தது. சொல்லலாம் என்று வாயெடுத்தேன். சார்ஜரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அவ்வளவு செய்தும் அந்த ஷிப்மென்ட் தாமதமானது. காரணத்தை எழுத வேண்டும். "நீங்கள் கடைசியில் கலரை மாற்றினீர்கள்" என்று எழுதக் கூடாது. பையர் மேல் தப்பு சொல்வதில்லை என்பது எங்கள் முதலாளி சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த சட்டம். ஆகவே மழை. இந்தத் தடவை கொஞ்சம் கனமாகவே பெய்யவிட்டேன். உடனே பதில் வந்தது: தொழிலாளர்களின் வீடுகள் பத்திரமா, யாருக்காவது உதவி தேவையா, எங்கள் டீம் பணம் திரட்டி அனுப்பலாமா? வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. எல்லோரும் பத்திரமாக மேட்டுப்பகுதிக்குப் போய்விட்டார்கள் என்று எழுதினேன்.

ஆடிட் வரும்போது என் திறமை வேறு பக்கம் வெளிப்படும். பையரின் நடத்தை விதிகளைத் தமிழில் போஸ்டராக மாட்ட வேண்டும். வழிக்கு இடைஞ்சல் இல்லாத இடமாகப் பார்த்து, சீலிங் ஃபேனுக்குப் பக்கத்தில் மாட்டினேன். ஆடிட்டர் நுனிக்காலில் நின்று அண்ணாந்து பார்த்து, "தொழிலாளர்கள் இதைப் படிக்கிறார்களா?" என்றார். தினமும் படிப்பதாகச் சொன்னேன். ஓவர்டைம் ரிஜிஸ்தர் விவகாரத்தை நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அது எத்தனை புத்தகம் என்று தெரியும். சட்டப்படி கூடுதல் நேரத்துக்கு இரண்டு மடங்கு கூலி. ஆடிட்டருக்குக் காட்டும் புத்தகத்தில் இரண்டு மடங்கு உண்டு. கூடுதல் நேரம்தான் இல்லை.

பேட்டிக்கு ஆள்களைத் தயார்செய்வதும் என் பொறுப்பில் வந்து சேர்ந்தது. அம்பு ஒட்டிய அந்த அக்காவிடமே போனேன்.

"ஏனுங்கக்கா, ராத்திரி எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போறீங்கன்னு ஆடிட்டர் கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"நீங்க புக்குல என்ன எழுதி வெச்சிருக்கீங்களோ அதையே சொல்லீர்றனுங் தம்பி. என்னன்னு மட்டும் முன்னாடியே சொல்லிப்போடுங்க."

அந்த ஆடிட்டில் எங்கள் மேல் வந்த ஒரே பெரிய குறை, முதலுதவிப் பெட்டி பூட்டியிருந்தது. சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் டீக்கடையில். திருத்த நடவடிக்கையாகப் பெட்டியைத் திறந்துவைத்து போட்டோ எடுத்து அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். போட்டோ எடுத்த கையோடு மறுபடி பூட்டிவிட்டோம். திறந்துவைத்தால் பிளாஸ்திரி காணாமல் போகிறதாம்.

ஆடிட்டுக்குப் பிறகு வந்த சான்றிதழுக்குக் கண்ணாடி ஃபிரேம் போட்டு ரிசப்ஷனில் மாட்டியிருக்கிறோம். அதைக் கடக்கும்போதெல்லாம் எனக்குக் கராச்சி ஞாபகம் வரும். 2012 ஆகஸ்டில் அங்கே அலி என்டர்பிரைசஸ் என்ற ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்கு எஸ்ஏ8000 சான்றிதழ் கிடைத்தது. இந்தத் துறையில் அது மரியாதையான சான்றிதழ். சில வாரங்களில், செப்டம்பர் 11 அன்று, தீப்பிடித்தது. ஜன்னல்களில் கம்பி, வெளியேறும் வழிகளில் பூட்டு. 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இதைப் படித்த அன்று எங்கள் அவசர வழிக் கதவுகளை எல்லாம் நேரில் போய்ப் பார்த்தேன், ஒரு கதவுக்கு முன்னால் அட்டைப்பெட்டி அடுக்கியிருந்தது, சத்தம் போட்டு எடுக்க வைத்தேன். பேக்கிங் செக்‌ஷனில் இரண்டு நாளைக்கு என்னைப் பார்த்ததும் வழிவிட்டு நின்றார்கள். மூன்றாம் நாள் பெட்டிகள் பழைய இடத்துக்கு வந்தன. ஷிப்மென்ட் நேரம் என்பதால் நானும் அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

இந்த மலையேற்ற உடைத் துறையில் எல்லோரும் விரல்காட்டும் நல்ல பிள்ளை அமெரிக்காவின் பேட்டகோனியா. மலையேறி இவோன் ஷுனார் 1973-இல் தொடங்கியது. 2011-இல், அமெரிக்கர்கள் கடைகளை மொய்க்கும் நவம்பர் வெள்ளிக்கிழமை அன்று, நியூயார்க் டைம்ஸில் தங்கள் ஜாக்கெட்டின் படத்தையே போட்டு, இதை வாங்காதீர்கள் என்று முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார்கள். அதைச் செய்ய 135 லிட்டர் தண்ணீர் செலவானது என்றும் அதிலேயே எழுதியிருந்தார்கள். அதற்குப் பிறகு விற்பனை கூடியது என்பது வேறு கதை. 2022-இல் ஷுனார் குடும்பம் கம்பெனியின் உரிமையையே ஓர் அறக்கட்டளைக்கும் சுற்றுச்சூழல் அமைப்புக்கும் மாற்றிக்கொடுத்துவிட்டது.

இவர்களுக்கும் சொந்தத் தொழிற்சாலை கிடையாது. தைத்துக் கொடுப்பவர்களின் பெயர்களை ஒளிக்காமல் வெளியிடுகிற கம்பெனி என்ற பெருமை மட்டும் உண்டு. ஆனால் தைக்கிற இடத்துக்கு ஒரு படி பின்னால், துணி நெய்கிற இடத்தில், 2011-இல் தணிக்கை செய்தபோது வேறு விஷயம் வெளிவந்தது. தைவானில் அவர்களுக்குத் துணி கொடுத்த ஆலைகளில் பெரும்பாலானவற்றில், வியட்நாம், பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளிலிருந்து வந்த தொழிலாளிகள் வேலைக்குச் சேர ஏஜெண்டுகளுக்கு 7,000 டாலர் வரைகூடக் கட்டியிருந்தார்கள். மூன்று வருடம் முடிந்தால் நாட்டைவிட்டு வெளியேறி, மறுபடி பணம் கட்டித் திரும்ப வேண்டும் என்பது அப்போதைய தைவான் சட்டம். கடன் அடைவதற்குள் தவணை முடிந்துவிடும். நம் சட்டைக் காலரில் இருக்கும் 'மேட் இன்' லேபிள் பெரும்பாலும் தைத்த நாட்டைத்தான் சொல்லும்; துணியும் நூலும் எங்கிருந்து வந்தன என்பதைச் சொல்லாது. தைவானில் நெய்து வியட்நாமில் தைத்த ஜாக்கெட்டில் தைவான் இருக்காது. 2015-இல் பேட்டகோனியா இதைத் தானே வெளியில் சொல்லி, இனி தொழிலாளி கையிலிருந்து ஏஜெண்ட் கட்டணம் போகக் கூடாது, முன்னால் கட்டியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஆலைகளுக்கு விதி போட்டது.

இதைப் படித்து நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். உண்மையில் மனசுக்கு இதமாக இருந்தது. டீக்கடையில் நண்பர்களிடம், "பாத்தீங்களா, பேட்டகோனியாவே இப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர்கள் தாங்களாகத் தோண்டி எடுத்தார்கள், தாங்களாகச் சொன்னார்கள் என்ற பகுதியை டீக்கடையில் விட்டுவிடுவேன்.

எங்கள் பின்படி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அதே 2011-இல் தமிழ்நாட்டு நூற்பாலைகளைப் பற்றி நெதர்லாந்து அமைப்புகள் ஓர் அறிக்கை வெளியிட்டன. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் கிராமத்துப் பெண்பிள்ளைகளை வருடக்கணக்கில் ஹாஸ்டலில் வைத்து வேலை வாங்கி, ஒப்பந்தம் முடிந்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொன்ன கதை அது. இடையில் உடம்பு முடியாமல் கிளம்பிய பிள்ளைக்கு அந்தத் தொகை பல இடங்களில் கிடைக்கவில்லை. எங்கள் பையர்கள் பதறிப்போய், உங்கள் நூல் எந்த ஆலையிலிருந்து வருகிறது என்று படிவம் அனுப்பினார்கள். ஆலையின் பெயர் கேட்ட கட்டத்தில் "உள்நாடு, தமிழ்நாடு" என்று எழுதினேன். பொய் இல்லையே.

நொய்யல் ஆற்று விஷயமும் அந்த வருடம்தான். சாயக்கழிவு ஆற்றில் விழுந்து, ஒரத்துப்பாளையம் அணை விவசாயிக்கு உதவாத தண்ணீர்த் தொட்டியாகிப் பல வருடம் ஆன பிறகு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகாத ஏற்பாடு இருந்தால்தான் திறக்கலாம். திறந்தவர்கள் பெரும் செலவு செய்து அதைக் கட்டினார்கள், இன்றைக்கும் நடத்துகிறார்கள். இந்த ஒன்றில் நான் பெருமையாகப் பேசலாம். பேசவும் செய்கிறேன், பையருக்கு ஸ்லைடு போட்டு. அவர்கள் அந்த ஸ்லைடை வாங்கித் தங்கள் கேட்லாக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள். விலை பேசும்போது மட்டும் அந்த ஏற்பாடு இல்லாத ஊரின் விலையைக் காட்டுவார்கள். நான் பீஸுக்குச் சில சென்ட் குறைப்பேன். குறைத்த சென்ட் எங்கிருந்து வரும்? ஜாப் ஒர்க் ஆளிடமிருந்து. அவர் யாரிடம் குறைப்பார் என்று நான் கேட்பதில்லை.

சப்ளையர் பேசவே வழி இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. பெட்டர் பையிங் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. தொழிற்சாலைக்காரர்கள் பெயர் தெரியாமல் பையருக்கு மார்க் போடலாம்: கடைசி நிமிடத்தில் மாற்றுகிறாரா, நேரத்துக்குப் பணம் தருகிறாரா, செலவுக்குக் கட்டுப்படியாகிற விலை தருகிறாரா என்று. அந்த லிங்க் எனக்கும் வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். மனசில் இருப்பதை எல்லாம் கொட்டிவிடலாம். முதல் கேள்வியிலேயே பயம் பிடித்துக்கொண்டது. நீலத்தைச் சோகம் என்று சொன்ன பையருக்கு எத்தனை சப்ளையர் இருந்துவிடப் போகிறார்கள்? எல்லாவற்றுக்கும் நல்ல மார்க் போட்டுவிட்டு, தாராளமாகக் கருத்து எழுதும் பெட்டியில் "மிகச் சிறந்த கூட்டாளி" என்று எழுதினேன். பெயர் கேட்காத இடத்திலும் காக்காய் பிடித்த ஆள் திருப்பூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எனக்குள்ளே ஒரு பையரும் ஒளிந்திருக்கிறான் என்பது நேபாளத்தில்தான் தெரிந்தது. அன்னபூர்ணா பேஸ் கேம்ப் போக ஆசைப்பட்டு நண்பனோடு கிளம்பினேன். காத்மாண்டு தமேல் சந்துகளில் நார்த் ஃபேஸ் என்று தைத்த போலி ஜாக்கெட்டுகள் மலைபோல் குவிந்துகிடக்கும். கடைக்காரரும் ஒளிப்பதில்லை. ஒன்றை எடுத்து உள்பக்கம் திருப்பி, அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணி, லோகோ எம்பிராய்டரி அரை இழை சாய்ந்திருப்பதைக் கண்டுபிடித்துக் காட்டினேன். அப்புறம் பேரம். என் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு வரியும் எனக்கு வந்த மெயில்கள்தான். என் பட்ஜெட் இவ்வளவுதான்; பக்கத்துக் கடையில் குறைத்துத் தருகிறார்கள்; அடுத்த வருடம் பெரிய குழுவோடு வருவேன், இப்போது விலையைப் பார்க்காதீர்கள். கடைக்காரர் சலித்துப்போய் இந்தியில், "இந்த விலைக்குக் கொடுத்தால் தைக்கிறவனுக்கு நான் என்ன கொடுப்பது?" என்றார். நான் யோசிக்கவே இல்லை. "மேனேஜ் கர் லோ பாய்" என்றேன். கேட்டதில் பாதிக்கு வாங்கி, நண்பனிடம் அரை மணி நேரம் பீற்றிக்கொண்டேன்.

மலையில் எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு போர்ட்டர். அங்கே ஒரு ஆள் 30 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று வரம்பு இருக்கிறது. அலுவலகத்தில் நான் துணியை வட்டமாக வெட்டி, தராசில் வைத்து, சதுர மீட்டருக்கு ஐந்து கிராம் கூடினால் நிட்டிங்காரரைக் கூப்பிட்டுச் சத்தம் போடுகிறவன். போர்ட்டர் தூக்கிய பையை நான் எடை போடவில்லை. என் பங்கில் பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய், மனைவி கட்டிக்கொடுத்த முறுக்கு டப்பா, பவர் பேங்க், படிக்காமலே திரும்பிய ஒரு நாவல் எல்லாம் இருந்தன. போர்ட்டர் பையன் நெற்றியில் பட்டையை மாட்டிக்கொண்டு, கான்வாஸ் ஷூவோடு எனக்கு முன்னால் ஏறிப் போய், ஒவ்வொரு டீக்கடையிலும் எனக்காகக் காத்திருந்தான். அவன் போட்டிருந்ததும் என் ஜாக்கெட் மாதிரியே ஒன்று. தமேலில் எவ்வளவுக்கு வாங்கினாய் என்று கேட்டேன். நான் கொடுத்ததில் பாதி சொன்னான். நண்பன் சிரித்த சிரிப்பு அடுத்த ஊர்வரை கேட்டிருக்கும்.

காத்மாண்டுவில் போர்ட்டர்களுக்குக் குளிர் உடை இரவல் கொடுக்க ஒரு உடை வங்கி இருப்பதை ஊர் திரும்பிய பிறகு படித்தேன். எங்கள் சாம்பிள் அறையில் பையர் வேண்டாம் என்று ஒதுக்கிய ஃப்ளீஸ் பீஸ்கள் தூங்குகின்றன. நல்லதாகப் பொறுக்கி ஒரு பெட்டியில் போட்டு, மேலே "நேபாளம்" என்று மார்க்கரில் எழுதினேன். பெட்டி என் மேஜைக்குக் கீழே இருக்கிறது. கால் வைக்க வசதி.

போன சீசனில் கலர் மறுபடி மாறியது. இந்தத் தடவை பச்சை. அன்று ஏனோ மழை வரவில்லை. இந்த மாற்றத்தால் எங்கள் ஆள்கள் பல ராத்திரி உட்கார வேண்டியிருக்கும், ஷிப்மென்டை ஒரு வாரம் தள்ள முடியுமா என்று உள்ளதை எழுதி, முதலாளிக்குக் காப்பி போடாமல் அனுப்பிவிட்டு, வேலை போய்விட்டது என்றே முடிவுசெய்து பாத்ரூம் போனேன். வந்து பார்த்தால் பதில். "நிச்சயமாக. ஒரு வாரம் பிரச்சினை இல்லை. முன்பே சொல்லியிருக்கலாமே?"

பெருமை தாங்காமல் புரொடக்‌ஷன் மேனேஜரிடம் ஓடினேன். அவரும் சந்தோஷப்பட்டார். கிடைத்த இடைவெளியில் பகல் ஷிப்டுக்கு மட்டும் வேறு ஒரு பையரின் சின்ன ஆர்டரைச் செருகினார். ராத்திரி வேலை அந்த வாரம் நின்றது. சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு அந்த அக்கா என் மேஜைக்கு வந்தார்.

"ஏனுங் தம்பி, இந்த வாரம் ராத்திரி வேலை இல்லாமப் பண்ணுனது நீங்கதானாமா?"

நன்றி சொல்லப் போகிறார் என்று நான் முகத்தை அடக்கமாக வைத்துக்கொண்டேன்.

"ஒன்றரை ஷிப்ட் போட்டாத்தானுங்க வாடகையும் சீட்டுப் பணமும் கட்ட முடியுது. நேரத்தக் குறைக்கோணும்னா குறைங்க. ஆனா அந்தப் புக்குல எழுதறீங்களே, ரெண்டு மடங்குன்னு, அதைக் கையில குடுத்தாங்கன்னா நாங்க எதுக்கு ராத்திரி நிக்கறோம்?"

ஹெச்.ஆரிடம் பேசுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். ஹெச்.ஆர். எனக்கு இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்திருக்கிறார். மத்தியானம் என் டப்பாவிலிருந்துதான் பொரியல் எடுத்துக்கொள்வார். ஏழெட்டு மாதமாகிறது.